அத்தான் திறந்த மடை

அக்காவின் கணவர் மாசியில் எங்கள் ஊருக்கு வந்திருந்த மூன்று நாளும் ஒரே பேச்சுதான். "எவ்வளவு பெரிய தரிசு மாப்ளே! ஒரு புல்லு உண்டா?" திருக்காட்டுப்பள்ளியில் நெல்லும், அதை அறுத்ததும் உளுந்தும் போடுகிறவர். எதிர்த்துப் பேச எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசும்.

தரிசா இது? வேதாரண்யத்துக்கு மேற்கே கண் போகும் தூரம்வரை மேடு பள்ளமில்லாத தரை. புயலில் கடல் ஏறி வந்தால் பாதித் தண்ணீரையாவது வாங்கிக்கொள்ளும். பூநாரைகள் வந்து இறங்கினால், தூரத்தில் யாரோ ரோஸ் சேலையைக் காயப்போட்டது போலிருக்கும். தண்ணீர் வற்றியதும் தரை வெளுத்துவிடும். வானம் எங்கே முடிகிறதென்று தெரியாது. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், இன்னும் தெரியவில்லை.

இதையெல்லாம் அத்தானிடம் சொல்ல நினைத்தேன். 

அந்த வெளியின் ஓரத்தில்தான் என் உப்புப் பாத்திகள். கடல் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வாரக்கணக்கில் வெயிலில் கெட்டியாக்கி, கடைசிப் பாத்தியில் உப்பு விளைந்திருந்தது. வருஷத்தின் முதல் உப்பு. மறுநாள் காலை வாருவதற்கு ஆள் சொல்லியிருந்தேன்.

சாயங்காலம் டீ வாங்கிக்கொண்டு திரும்பினால், அத்தான் வேட்டியை மடித்துக் கட்டி, கையெல்லாம் சேறாக வரப்பில் நிற்கிறார். முகம் நிறையச் சிரிப்பு.

"நல்ல வேளை மாப்ளே. காஞ்சு வெடிக்கப் பாத்துச்சு. மடையத் தொறந்து விட்டேன்."

வாய்க்காலின் புதுத் தண்ணீர் கடைசிப் பாத்தியில் கணுக்கால் அளவு நின்றது. குனிந்து கையை விட்டேன். உப்பு விரலில் நெருடிக் கரைந்தது.

"என்னங்கத்தான் இது! ஒங்கள யாரு தொறக்கச் சொன்னா?" கத்திவிட்டேன். அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"தண்ணி இல்லாமக் கெடக்கேன்னு..."

"காயணுங்கத்தான்! காஞ்சாத்தான் இங்க வெள்ளாமையே!"

அவர் மடையை அடைத்தார். ஒரு வாளியைத் தேடி எடுத்து இறைக்க ஆரம்பித்தார்.

"விடுங்க. உப்பு கரைஞ்சுபோச்சு. இனி வெயில்தான் பாத்துக்கணும்."

வாரும் ஆட்களுக்கு போன் போட்டு வர வேண்டாம் என்றேன். அத்தான் வாளியை வைத்துவிட்டு, "எத்தன நாளு ஆவும்?" என்றார்.

"மழை வராம இருந்தா ரெண்டு வாரம்."

அண்ணாந்து பார்த்தார். "பேஞ்சா எங்க ஊரு உளுந்துல பேயட்டும். இந்தப் பக்கம் வேணாம்."

அதிலும் லாபம் அவருக்குத்தான்.