போணி கெட்ட ஞாயிறுகள்

பீன்ஸின் முனையை ஒடிக்கும்போது 'டக்'கென்று ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். பிஞ்சென்றால் அப்படி ஒடியும், முத்தலென்றால் நார் இழுத்துக்கொண்டு வளையும். பெங்களூருவில் 'தண்டு' என்று நாங்கள் சொல்லும் கன்டோன்மென்ட் பகுதியில், எங்கள் தெருவுக்குப் பின்னால் ஞாயிறுதோறும் கூடிய சந்தையில், ஒடித்துப் பார்க்காமல் பீன்ஸ் வாங்கியவர் எவருமில்லை. ஆனேக்கல் பக்கத்து விவசாயிகள் விடியற்காலையிலேயே டெம்போவில் வந்திறங்கி, ஈரச் சாக்கை விரித்துக் காயைக் கொட்டுவார்கள். பெண்கள் குந்தி உட்கார்ந்து, ஊர்க்கதை பேசியபடியே ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்துக் கூடையில் போட்டுக்கொள்வார்கள். அதற்குப் பெயர் 'பொறுக்குறது'. எங்கள் தெருப் பெண்களுக்கு வாரத்தில் கிடைத்த ஒரே சொகுசு அதுதான்.

அந்தச் சொகுசு என் அம்மாவுக்குக் கிடையாது என்று சொன்னவர் கோவிந்தண்ணன். சந்தையிலேயே பெரிய பீன்ஸ் குவியல் அவருடையது. அம்மா தெருப் பெருக்கும் வேலை பார்த்தாள்; சந்தை கலைந்த மறுநாள் அங்கே மிதிபட்டுக் கிடக்கும் தழையையும் அழுகலையும் அள்ளுவதும் அவள்தான். ஞாயிறு மட்டும் அவளுக்கு விடுமுறை. அப்படி ஒரு ஞாயிறு, தலைக்குக் குளித்து, துவைத்த சேலை கட்டி என்னையும் கூட்டிக்கொண்டு வந்து அவர் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு காயை ஒடித்திருப்பாள், அவ்வளவுதான். கூடையை வெடுக்கென்று பிடுங்கினார்.

"ஏம்மா, நீ கைய வெக்காத. குப்ப அள்ற கைன்னு எல்லாருக்கும் தெரியும். நீ தொட்டா அப்பறம் எவன் வாங்குவான்? நானே போட்டுத் தரேன், வாங்கினு போ."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு குனிந்து தங்கள் காயை ஒடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அள்ளிப் போட்டதை அம்மா வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் பார்த்தால் பாதி முத்தல். நாரை உரித்து உரித்துப் பொரியல் செய்தாள். அந்த ஆளைச் சும்மா விடக்கூடாது என்று சாப்பிடும்போதே முடிவு செய்தேன்.

எனக்கு இரண்டு தோழிகள்: ரீட்டா, நஸ்ரீன். ரீட்டாவின் அம்மா சர்ச் வாசலில் பூ விற்பவர். "மொத ஆளு வெல கேட்டுட்டு வாங்காம போனா, அன்னிக்கி யாவாரம் அவ்ளோதான்" என்று அவர் புலம்பாத நாளில்லை. அந்த முதல் வியாபாரம்தான் 'போணி'. எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

அடுத்த ஞாயிறு, கோவிந்தண்ணன் ஊதுபத்தி கொளுத்திக் குவியலைக் கும்பிட்டு நிமிர்ந்தபோது நாங்கள் மூவரும் எதிரே நின்றோம். ரீட்டா விலை கேட்டாள், நஸ்ரீன் பேரம் பேசினாள், நான் நிறுக்கச் சொன்னேன். அவர் தராசிலிருந்து காயை எடுத்துப் பையில் கொட்டப் போன நேரம் பார்த்து, "வேணாண்ணா" என்றேன்.

அவர் முகம் வெளுத்ததை என்னால் மறக்கவே முடியாது, மறக்கவும் விரும்பவில்லை. "ஏய், போணிடீ! ஒரு கையாவது வாங்கினு போங்கடீ!" என்று கத்தினார். நாங்கள் ஓடவில்லை, மெல்ல நடந்தோம். அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டு அவர் குவியல் அப்படியே நனைந்தது. மழைக்கு நாங்கள் காரணமில்லையென்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாதே!

அதன்பிறகு எந்த ஞாயிறும் விடவில்லை. எங்களைத் துரத்தினாலும் போணிக்கு ஆகாது, கெஞ்சினாலும் நாங்கள் மசியவில்லை. கடைசியில் நான் யார் மகளென்று விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, புள்ளைங்க ஏதோ கோவத்துல இருக்குதுங்க. வர்ற ஞாயித்துக்கெழம நீங்களே வந்து உங்க கையால போணி பண்ணிக் குடுங்க. எவ்ளோ வேணா பொறுக்கிக்குங்க."

'நீ' எப்போது 'நீங்க' ஆனதென்று கவனித்தேன். நாங்கள் செய்துவந்தது அம்மாவுக்கு அதுவரை தெரியாது. கதவுக்குப் பின்னால் நின்ற என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடி நிச்சயம் என்று நினைத்தேன். அவரிடம் "சரி" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஞாயிறு, விடுமுறையாக இருந்தும், வேலைக்குப் போடும் பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டு அம்மா கிளம்பினாள். குவியலுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, 'டக்', 'டக்'கென்று ஒவ்வொன்றாக ஒடித்துக் கூடையில் போட்டாள். பின்னால் கூட்டம் சேர்ந்தது. "இருங்க, அக்கா போணி பண்ணட்டும்" என்று அவரே எல்லாரையும் நிறுத்தி வைத்தார். கூடை நிறைந்ததும் தராசைத் தூக்கிக் கையை நீட்டினார். அம்மா கூடையை அப்படியே குவியலில் கவிழ்த்தாள்.

"எல்லாம் முத்தல்" என்றாள், கூட்டம் முழுக்கக் கேட்கும்படி.

எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தாள். அடுத்த வாரமே கோவிந்தண்ணனின் சாக்கு சந்தையின் மறுகோடிக்குப் போய்விட்டது. அவர்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

சந்தை கூடிய தெருவில் இப்போது கார்கள் நிற்கின்றன. போன சனிக்கிழமை நாங்கள் மூவரும் எலெக்ட்ரானிக் சிட்டியில் நஸ்ரீன் குடியிருக்கும் அபார்ட்மெண்டின் 'ஃபார்மர்ஸ் மார்க்கெட்'டுக்குப் போனோம். அன்றைய முதல் ஆட்கள் நாங்கள்தான். மரப்பெட்டியில் அடுக்கியிருந்த பீன்ஸை நோக்கிக் கையைக் கொண்டுபோனதும், "மேம், க்ளவ்ஸ் போட்டுக்கோங்க, வெறுங்கையால தொடக்கூடாது" என்றாள் கடைப்பெண். எல்லாருக்கும் உள்ள விதிதான், எனக்கும் புரிந்தது. ஆனாலும் உள்ளே பழைய நெருப்பு குப்பென்று பிடித்தது. கையுறை போட்டு ஒரு தட்டு நிறையப் பொறுக்கினேன். ரீட்டா கண்ணடித்தாள். எல்லாவற்றையும் பெட்டியிலேயே கவிழ்த்து, "முத்தல்" என்றேன்.

"நோ ப்ராப்ளம் மேம், ஹேவ் எ நைஸ் டே!" என்றாள் அவள், சிரித்தபடி.

அவளுக்குப் போணி என்றால் என்னவென்றே தெரியவில்லை. எங்களிடம் இருந்த ஒரே ஆயுதம் இப்படி மழுங்கிப்போகுமென்று நான் நினைத்ததில்லை. கையுறையைக் கழற்றி, வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் வீசினேன். அங்கே நீலக் கோட்டு போட்ட ஒரு அம்மா, எல்லாரும் கழற்றிப் போட்ட கையுறைகளை வெறுங்கையால் அள்ளி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.