பாதியில் நின்ற கும்பிடு

தாக் இன்மோவுக்கு முப்பத்தொன்பது வயது. அதில் பதினாலு வருடம் ஆண்டோங் நகரத்தில் ஒரு சாவு மண்டபத்திலேயே கழிந்துவிட்டது. துக்கம் கேட்க வந்து திகைத்து நிற்பவர்களுக்கு அவன்தான் துணை. செத்தவருக்கு முன்னால் வலது கை மேலே, நெற்றி தரையில் பட, இரண்டு தடவை விழ வேண்டும். வாயால் சொன்னால் புரியாதவர்களுக்குப் பக்கத்தில் நின்று தானே விழுந்து காட்டுவான். என்ன வேலை என்று கேட்டதுமே இரண்டு பெண் வீடுகள் கதவைச் சாத்திவிட்டன. செத்தால் மட்டும் இவன் வேண்டும் போலிருக்கிறது!

மூன்றாவது வீடு மிரனுடையது. இவளையும் இழந்தால் தாங்கமாட்டோம் என்று அவனுக்குத் தெரியும். அவளுடைய அப்பா பே சாங்கூ, நெஞ்சில் அறுவை சிகிச்சை முடிந்து போன மாதம்தான் வீடு திரும்பியிருந்தார். உயிரோடிருப்பவருக்கு ஒரே ஒரு கும்பிடு, அதுவும் இடது கை மேலே. மிரன் வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"கையை மட்டும் மாத்தி வச்சிடாதீங்க. அப்பா எல்லாத்தையும் பாப்பாரு."

கூடத்தில் அப்பாவும் அம்மாவும் மெத்தையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா முகத்தில் சிரிப்பே இல்லை. இன்மோ கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டான். இடதுதான் மேலே. விழுந்தான், எழுந்தான். அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதிதான் காலை வாரியது. அப்படியே உட்கார வேண்டியவனுடைய கைகள் மறுபடியும் நெற்றிக்கு உயர்ந்தன, முழங்கால்கள் தரையைத் தொட்டன.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மிரனுக்கு முகம் வெளுத்தது. உயிரோடிருப்பவருக்குச் சாவுக் கும்பிடு! இன்மோவுக்குக் குனியவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. எல்லாம் போச்சு என்று நினைத்தான்.

"எத்தனை வருஷமா இந்த வேலை?" என்று கேட்டார் அப்பா.

"பதினாலு வருஷங்க ஐயா. மன்னிச்சிடுங்க. உடம்பு பழகிப்போச்சு."

அவர் நெஞ்சுத் தையலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஆஸ்பத்திரியில எனக்கு ஒரே கவலைதான். எனக்குப் பையன் கிடையாது. நான் போனா முன்னால நின்னு விழ யாரு இருக்கான்னு."

இன்மோ தலை நிமிரவில்லை.

"பாதியில நிக்குதே, அதை இப்ப முடிக்காதே. மருமகனா இருந்து, நான் போனப்புறம் முடி."

இன்மோ மண்டியிட்டபடியே குலுங்கி அழுதான்.