மாப்பிள்ளை வௌவாலும் சாமியார் வௌவாலும்

வௌவால் பிடிக்கிற வேலையில் கடியைவிடப் பேச்சால் வரும் வம்புதான் அதிகம் என்பது என்னோடு வலைக்கம்பு சுமந்தவர்களுக்குத் தெரியும். தொண்ணூறுகளில், ஒரு கல்லூரி ஆராய்ச்சிக்காகப் பழந்தின்னி வௌவால்களைப் பிடித்து, அளந்து, பறக்கவிட்டுக்கொண்டிருந்தேன். ஆண் வௌவாலின் விதைகள் ஒரு பருவத்தில் இறங்கிப் பெருக்கும். இன்னொரு பருவத்தில் சுருங்கி உள்ளே ஏறிக்கொள்ளும். வருடம் முழுக்க ஒரே தோட்டத்தில் பிடித்தால்தான் இந்த மாற்றம் சரியாகத் தெரியும்.

வேலிக்கு அந்தப் பக்கம்

ஆயக்குடியில் ஒரு கொய்யாத் தோட்டம். பொழுது சாயும் நேரம், வலையில் முதல் ஆண் விழுந்தது. தள்ளி உட்கார்ந்திருந்த பேராசிரியருக்குக் கேட்கட்டும் என்று, "சார், விதை இம்புட்டுப் பெருசா இருக்கு!" என்று கத்தினேன். வேலிக்கு அந்தப் பக்கம் தோட்டக்காரர் ஒரு வியாபாரியிடம் பழத்தின் அருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வியாபாரி பையை மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தோட்டக்காரர் நேரே என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, என்ற கொய்யாவுல விதை பெருசுன்னு வியாபாரி காதுல விழற மாதிரி கத்துனா நான் பொழைக்கிறதா வேண்டாமா? நாளைக்கு வலையக் கழட்டிட்டுப் போயிருங்க."

வீட்டில் கிடைத்த யோசனை

ஒரு வருட வேலை தொடக்கத்திலேயே போயிற்று என்று சின்னாளப்பட்டி வீட்டில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போது என் மனைவி உயிரோடு இருந்தாள். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டபடியே முழுக்கக் கேட்டாள். சிரித்துச் சிரித்து முடிச்சைத் தப்பவிட்டாள்.

"அந்த வார்த்தைய விடுங்க. பெருத்திருந்தா மாப்பிள்ளைன்னு சொல்லுங்க, சுருங்கியிருந்தா சாமியாருன்னு சொல்லுங்க. எந்தக் கொய்யாவுக்கும் கோவம் வராது."

பருவம் மாறியபோது

மறுநாள் ஓர் ஆணைக் கையில் பிடித்துப்போய், "கொய்யாவச் சொல்லலீங்க, இதைத்தான் சொன்னேன்" என்று தோட்டக்காரரிடம் காட்டினேன். குனிந்து பார்த்தவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். வியாபாரியையும் அவரே கூட்டிவந்து காட்டினார். வலை தப்பியது. அதன்பின் நான் "மாப்பிள்ளை!" என்று கத்தினால், "பந்தி போட்டாச்சுங்க!" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

சில மாதங்களில் வலையில் விழுந்ததெல்லாம் சாமியார்கள். நாங்கள் காத்திருந்த மாற்றம் கைக்கு வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தோட்டக்காரர் மட்டும் பக்கத்தில் வந்து, குரலைத் தணித்துச் சொன்னார்:

"ஏனுங்க, ஆம்பளைக்கும் இப்படி ஒரு பருவம் உண்டுன்னு எங்க ஊட்டுல மட்டும் சொல்லிப்போடாதீங்க."

அதற்குப் பிறகு பேராசிரியர் முதற்கொண்டு ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் பேசியது என் மனைவியின் பாஷையைத்தான். அவளோ கடைசிவரை ஒரு வௌவாலையும் தொட்டதில்லை.