பொட்டு வைக்காத புத்தகம்

மேலூர் வீட்டைப் பாகம் பிரித்தபோது தம்பிக்குத் தேக்கு பீரோ போனது, எனக்கு ஒரு தகரப் பெட்டி வந்தது. பெட்டி நிறைய நாங்கள் இருவரும் பள்ளிக்கூட நாட்களில் வாங்கிப் படித்த காமிக்ஸ். யாரும் கேட்காததால் நான் எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் பழைய தமிழ் காமிக்ஸ் லட்சக்கணக்கில் விலை போகிறது என்று வீடியோ போட, அதைத் தம்பி பார்த்துவிட்டான். "அண்ணன் தெரிஞ்சேதான் பெட்டியத் தூக்கிட்டுப் போயிருக்காரு" என்று சொந்தக்காரர்களிடம் சொன்னான். என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டான்.

விலை கேட்கப் போனது அந்தக் கோபத்தில்தான். ஒன்றும் தேறாது என்று விவரம் தெரிந்த ஒருவர் வாயால் கேட்டு, அதே சொந்தக்காரர்கள் மூலமாக அவன் காதில் போட வேண்டும். போட்டால் மறுபடி பேசுவான் என்ற நப்பாசையும் இருந்தது. எனக்கு இருப்பது ஒரே தம்பி.

விசாரித்ததில் மதுரை பைபாஸ் ரோட்டில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு பல் டாக்டரைச் சொன்னார்கள். பழைய காமிக்ஸ் சேர்ப்பவர். வாங்குவார், விற்பார், விலையும் சொல்வார். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். கிளினிக் லீவாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் வரச் சொன்னார். ஆட்கள் சாயும் நாற்காலியில் வெள்ளைத் துணியை விரித்து, புத்தகங்களை அதில் அடுக்கி, தலைக்கு மேலிருந்த விளக்கை இழுத்துப் போட்டார். கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகுதான் தொட்டார். சொத்தைப் பல் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றையும் கொஞ்சமாகத் திறந்து எட்டிப் பார்த்தார். நடுப்பக்கத்துப் பின் துருப்பிடித்திருக்கிறதா, பக்கங்கள் எல்லாம் இருக்கின்றனவா, புதிர்ப் பகுதியில் எவனாவது பேனாவால் விடை எழுதி வைத்திருக்கிறானா என்றெல்லாம் பார்க்க வேண்டுமாம்.

"கதை நல்லாருக்கான்னு பாக்க மாட்டீங்களா?" என்றேன்.

"கதைக்கு எங்க சார் விலை? அட்டைக்குத்தான்."

நாலைந்து புத்தகம் பார்த்ததும் நிமிர்ந்தார். "என்ன சார் இது, எல்லா அட்டையிலயும் ஒரே இடத்துல கறை?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது சந்தனமும் குங்குமமும். எங்கள் அம்மா வைத்தது.

சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கிப் பொட்டு வைத்துவிட்டால் மறுநாள் காலைவரை யாரும் தொடக் கூடாது. ஊரில் எல்லாப் பையன்களும் கணக்குப் புத்தகத்தைத்தான் முதலில் கொண்டுபோய் வைப்பார்கள். எங்கள் அம்மாவிடம் அது பலிக்கவில்லை. பாடப் புத்தகங்களை எங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, காமிக்ஸ் அத்தனையையும் அள்ளிக்கொண்டுபோய் சாமி முன்னால் அடுக்கினாள். "சரஸ்வதி இதுல இல்லைன்னு எவன் சொன்னான்? இன்னைக்கு ஒரு நாளாவது இதத் தொடாம உருப்படியாப் படிங்கடா" என்று ஒவ்வொரு அட்டையிலும் சந்தனத்தைக் குழைத்து அப்பிக் குங்குமம் வைத்தாள். வருஷா வருஷம் அதே இடத்தில். நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வாய்ப்பாடு ஒப்பித்தோம்.

டாக்டருக்கு இதைக் கேட்டு வயிறு எரிந்தது. "ஒரு தாள் கிழியல சார். இந்தக் கறை மட்டும் இல்லைன்னா நல்ல விலைக்குப் போகும். இப்ப எடைக்குப் போடுறதுக்கு மேல கொஞ்சம் கிடைக்கும், அம்புட்டுத்தான்."

நான் கேட்க வந்தது இதைத்தான். கிளம்பிவிடலாம் என்று எழுந்தேன். அடியில் கிடந்த தீபாவளி மலரை அவர் அப்போதுதான் எடுத்தார். செங்கல் கனம் இருக்கும். அட்டையில் பொட்டு இல்லை. முன்னும் பின்னும் திருப்பினார், விளக்கை இன்னும் கிட்டத்தில் இழுத்தார். "இது மட்டும் எப்படி சார் தப்பிச்சது?" என்றார். பிறகு ஒரு தொகை சொன்னார். அதற்கு ஒரு தேக்கு பீரோவே வாங்கலாம்.

அது எப்படித் தப்பியது என்று எனக்குத் தெரியும். அந்த வருஷம் தீபாவளி மலர் பூஜைக்கு முன்பே வந்துவிட்டது. அம்மா அள்ளும்போது தம்பி அதை மட்டும் உருவி, கோழிக் கூட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து முழுவதையும் படித்துவிட்டான். அடுத்தடுத்த வருஷங்களிலும் பூஜை வந்தால் அதை அம்மா கண்ணில் படாமல் ஒளித்துவிடுவான். பூஜை அன்று படித்தால் சாமி கண்ணைக் குத்தும் என்று நான் சும்மா சொல்லிவைத்தேன். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக என்னிடம் வந்து, "அண்ணே, எனக்குக் கண்ணு போயிருமா?" என்று அழுதான். போகாதுடா என்று சொல்வதற்குக் கூலியாக, அவனுக்குக் கிடைத்த ஒரு முறுக்கை வாங்கித் தின்றேன்.

விலை போகிற ஒரே புத்தகம் அவனுடையது. வெளியே வந்து போன் போட்டேன். எடுக்க மாட்டான் என்று நினைத்தேன், எடுத்தான்.

"உன் புத்தகம் ஒண்ணு எங்கிட்ட இருக்குடா" என்றேன்.

"பொட்டு வைக்காததா?" என்றான்.

"ஆமா."

"நீ சொன்ன மாதிரியே சாமி கண்ணுல கைய வச்சிருச்சுண்ணே. போன மாசந்தான் புரைக்கு ஆபரேஷன் பண்ணுனாக."

எனக்கு யாரும் சொல்லவில்லை. என்னைப் பற்றி அவன் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் வந்து ஓதிய சொந்தக்காரர்கள் இதைச் சொல்லவில்லை. "அதுக்கு என்ன விலைன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"விலை கிடக்கட்டும், வித்துறாத" என்றான். "பொடி எழுத்து இன்னும் மங்கலாத்தான் தெரியுது. எடுத்துட்டு வா. நீ வாசி, நான் கேக்குறேன்."

டாக்டரிடமிருந்து மலரை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போய், தம்பி இருக்கும் மேலூருக்கு பஸ் ஏறினேன்.