ரயிலில் வந்த கப்பல் தலைவன்

காலை ஐந்து மணி ஐம்பது நிமிடம். திருச்சி ஜங்ஷனில் நாகப்பட்டினம் பக்கமிருந்து வரும் ரயில் வந்து நின்றதும் நான் முதலில் பார்த்தது, ஒரு பிரம்புக் கூடையின் அடியிலிருந்து சொட்டிய தண்ணீரை. ரயில் நாற்பது நிமிடம் தாமதம். அந்த நாற்பது நிமிடமும் கடிகாரத்துக்கும் குடிநீர்க் குழாய்க்கும் இடையே நடந்துகொண்டிருந்தேன். என் தொடர்கதைக்கான படம் பத்து மணிக்குள், அதை அச்சுக்கு உலோகத் தகட்டில் பிளாக் செய்பவரிடம் போயாக வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் திருச்சியில் ஒரு வாரப் பத்திரிகையில் உதவி ஆசிரியர். ஒரு கடல் சாகசத் தொடரும் எழுதிவந்தேன். அதன் நாயகன் ஒரு கொள்ளைக் கப்பலின் தலைவன். இடுப்புக்கு மேலே மனிதன். கீழே கால்களுக்குப் பதிலாக ஆக்டோபஸின் எட்டுக் கைகள். ஒன்றால் சுக்கானைப் பிடிப்பான், இன்னொன்றால் பாய்க் கயிற்றை இழுப்பான், மூன்றாவது எதிரியின் கழுத்தில் இருக்கும். கரையேறினால் கால் மணி நேரத்துக்குள் கடலுக்குத் திரும்பிவிட வேண்டும். உடம்பு உலர்ந்தால் சாவு. இதையெல்லாம் எழுதிய நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை.

படம் வரைந்தவர் ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர். கோயில் யானையைப் பார்த்துப் பார்த்து வரையக் கற்றவர். முதல் நான்கு வாரமும் தலைவனின் இடுப்பிலிருந்து எட்டுத் தும்பிக்கைகள் தொங்கின. நுனியில் யானைக்கு இருப்பதுபோலச் சின்ன விரல்கூட இருந்தது. ஆபீஸில் யாருக்கும் அது தவறாகப் படவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர், "உங்கள் கேப்டனுக்கு ஒரு கட்டுக் கரும்பு அனுப்பட்டுமா?" என்று எழுதினார். ஆசிரியர் அந்தக் கடிதத்தை ஓவியரை நிறுத்திவைத்துப் படித்தார்.

"இந்த வாரமும் தும்பிக்கை வந்தா, அடுத்த வாரத்திலேருந்து மெட்ராஸ்காரர் வரைவார். வியாழக்கிழமை பத்து மணி" என்றார்.

எங்கள் பத்திரிகையை விட்டால் ஓவியருக்கு வேறு நிரந்தர வேலை கிடையாது. வெளியே வந்ததும் கத்தோலிக்கனான என்மேல் பாய்ந்தார். "வெள்ளிக்கிழமை தவறாம மீன் சாப்பிடற வேதக்காரர் நீர். உமக்கே தெரியாதா ஓய், அது எப்படி இருக்கும்னு?"

"எங்க வீட்ல விரால்தாங்க. எட்டுக் கையோட எதுவும் குழம்புல வந்ததில்லை."

பாலக்கரையில் கடல் மீன் தருவித்து விற்கும் வியாபாரி ஒருவரிடம் ஆக்டோபஸ் கிடைக்குமா என்று கேட்டேன். "பேய்க்கணவாயா? அதை யாருங்க திங்கறா? தூண்டிலுக்கு இரையா வெட்டுவாங்க. சொல்லி வைக்கிறேன்" என்றார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த வியாழக்கிழமை ரயிலில் வந்த கூடையைப் பார்சல் ஆபீஸ் வாசலில் வியாபாரி பிரித்தார். ஐஸ் கட்டிகளின் மேல் பிழிந்து போட்ட சாம்பல் நிறத் துணிபோல ஒன்று கிடந்தது. ஓவியர் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார்.

"முகமே இல்லையே ஓய். எங்கேருந்து ஆரம்பிக்கறது?"

மணி ஆறு பத்து. அவர் ஓரடி முன்னால் வந்தார். "ஜலத்துல இருக்கற வஸ்து. ஜலத்துல போட்டாத்தான் ரூபம் தெரியும்."

சுவரில் சிவப்பு நிறத் தீயணைப்பு வாளிகள் தொங்கின. ஒன்றை இறக்கி வைத்தேன். வியாபாரி பேய்க்கணவாயை அதிலிருந்த தண்ணீருக்குள் விட்டார். கைகள் விளிம்புவரை விரிந்தன. வாளியை லேசாக ஆட்டியதும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருண்டு திரும்பின. ஓவியர் துண்டை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தார்.

பார்சல் கிளார்க் வந்தார். "என்னய்யா இது, நெருப்பு வாளில மீன் வளக்கிறீங்களா?"

"வளக்கலீங்க. செத்ததுதான். படம் போடுறாங்களாம்" என்றார் வியாபாரி.

"செத்ததுக்கு எதுக்குய்யா படம்?"

"கொள்ளைக் கப்பல் கேப்டனுக்குங்க" என்றேன்.

கிளார்க் குனிந்து பார்த்தார். "அந்தத் தும்பிக்கைக்காரனா?"

ஓவியர் தலை நிமிரவில்லை. "வாளியை இன்னொரு தரம் ஆட்டச் சொல்லும் ஓய்."

கிளார்க்கே காலால் ஆட்டினார்.

பென்சில் படம் ஆறே முக்காலுக்கு முடிந்தது. ஓவியர் பேய்க்கணவாயைத் தொடவில்லை. ஆனாலும் ஸ்நானம் செய்யாமல் மை தொட மாட்டேன் என்றுவிட்டார். அம்மா மண்டபத்துக்குப் பஸ் பிடித்தோம். அவர் காவிரியில் முழுகும்போது நான் படித்துறையில் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாருடைய ஈரத்துணியும் மேலே சொட்டாமல் ஒதுங்கி ஒதுங்கி நின்றேன். ஈர வேட்டியோடு மண்டபத்தில் உட்கார்ந்து மை போட்டார். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது படம் பிளாக் செய்பவரின் மேஜையில் இருந்தது.

தலைவன் கப்பலின் பக்கவாட்டில் ஏறிக்கொண்டிருந்தான். கைகள் பலகையில் ஒட்டியிருந்தன. உறிஞ்சு குழிகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. ஆசிரியர் நெடுநேரம் பார்த்தார். மெட்ராஸுக்குக் கடிதம் போகவில்லை.

இதழ் வெளியான நான்காம் நாள் நாகப்பட்டினத்துக்காரர் மறுபடி எழுதினார். "கேப்டன் இப்போதுதான் கடலுக்கு வந்திருக்கிறார். ஆனால் எட்டாவது கை எங்கே?"

எண்ணிப் பார்த்தேன். ஏழு. அந்தப் பக்கத்தின் புரூஃபைக் காற்புள்ளி விடாமல் இரண்டு முறை பார்த்தவன் நான். கடிதத்தோடு ஸ்ரீரங்கம் போனேன்.

"ஏழுதானே இருந்தது" என்றார் ஓவியர். "நீர்தான் கதையில எட்டுன்னு தப்பா எழுதிட்டீர்னு நெனச்சேன். மனசு நோகுமேன்னு சொல்லலை." பிறகு முகம் மாறியது. "ஆசிரியர் பாத்துட்டாரா?"

வியாபாரியிடம் போனேன். "ஒண்ணை இரைக்கு வெட்டிக்கிட்டுத்தாங்க கொடுத்தாங்க. படத்துக்குன்னு முன்னாடியே சொல்லக் கூடாதா?"

அன்று மாலையே அடுத்த அத்தியாயத்தை மாற்றினேன். காற்று நின்றுபோய்க் கப்பல் நகராமல் கிடந்த நாட்களில், பசியால் கிடந்த தன் ஆட்களுக்கு மீன் பிடிக்க, தலைவன் தன் கைகளில் ஒன்றை வெட்டித் தூண்டிலில் கோத்தான் என்று எழுதினேன். அத்தியாயத்தையும் வாசகர் கடிதத்தையும் ஒன்றாக ஆசிரியரிடம் கொடுத்தேன். இரண்டையும் படித்துவிட்டு அச்சுக்கு அனுப்பினார்.

தொடர் மேலும் ஒரு வருடம் வந்தது. எல்லாப் படங்களையும் உத்தர வீதிக்காரரே வரைந்தார். எல்லாவற்றிலும் தலைவனுக்கு ஏழு கைகள்.