வாடை வந்த வாரத்து அறிக்கை

வானிலை அறிக்கையில் எனக்குப் பிடிக்காத சொல் ‘ஓரிரு இடங்களில்’. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் மிதமான மழை பெய்யும் என்பார்கள். அந்த ஓரிரு இடம் எது என்று கேட்டால் பதில் கிடைக்காது. அஸ்தம்பட்டியில் இருக்கும் என் தங்கை, தெருவில் முழங்கால் தண்ணீர் என்று படம் அனுப்புவாள். வாழப்பாடிப் பக்கம் தக்காளியெல்லாம் அழுகிவிட்டது என்று சந்தையில் பேசிக்கொள்வார்கள். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்திலோ, நான் சுள்ளென்ற வெயிலில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பேன்.

அதற்காக அறிக்கையைப் படிக்காமல் இருந்ததில்லை. எங்களுடையது கோழி வளர்க்கும் ஊர். காற்று திரும்பினால் தீனியை மாற்ற வேண்டும், கொட்டகையின் பக்கவாட்டில் தொங்கும் படுதாவை ஏற்றவோ இறக்கவோ வேண்டும். கோழி வளர்ப்பவர்களுக்கென்றே வாராவாரம் ஒரு முன்னறிவிப்பு செல்போனுக்கு வரும். வெயில் எவ்வளவு, குளிர் எவ்வளவு, காற்று எந்தத் திசை, கோழிக்கு என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு பக்கம் இருக்கும். எழுத்து பொடிப்பொடியாக இருப்பதால் பாதிப் பேர் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

அக்கம்பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். அந்த இரண்டு பக்கத்தை நாலு வரியாகச் சுருக்கி அதில் போடுவது என் வேலை. யாரும் கொடுத்ததில்லை, நானாக எடுத்துக்கொண்டது. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த கொழுப்பு. “அக்கா போட்டாத்தானுங்க புரியுது” என்று யாராவது எழுதிவிட்டால் அன்றைக்கு என் கால் தரையில் பாவாது.

என் வீட்டுக்காரருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. காலையில் வாசலில் நின்று கிழக்கே மேகத்தை ஒரு பார்வை பார்ப்பார். “மோடம் போட்டிருக்குது. ஆனா பேயாது” என்பார். பல நாள் அவர் சொன்னபடியே நடந்துவிடும். எனக்கு அதுதான் எரிச்சல்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஐப்பசிக் கடைசியில் நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் மழை வெறித்து, பொழுது சாய்வதற்குள் வாடைக்காற்று கிளம்பிவிட்டது. அறிக்கை முந்தின நாளே வந்திருந்தது. காற்று வடகிழக்கிலிருந்து வீசும், இரவில் குளிர் சட்டென்று கூடும், குஞ்சுக் கொட்டகைகளில் படுதாவை இறக்கிச் சூடு கொடுக்கவும் என்று போட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் கீழே இன்னொரு வரி இருந்தது. கூரையை ஒட்டி ஓர் அடி திறந்துவிட வேண்டும், கரி போட்டுச் சூடேற்றுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

நான் குழுவில் போட்டது இவ்வளவுதான்: “நாளைக்கு வாடை வருது. குளிர் அதிகமா இருக்கும். குஞ்சு இருக்கறவங்க நாலு பக்கமும் படுதாவை இறுக்கிக் கட்டுங்க. சூடு குறையாம பாத்துக்குங்க.” கடைசி வரியை நான் வேண்டுமென்று விடவில்லை. எங்கள் கொட்டகையில் பல்பு போட்டுத்தான் சூடேற்றுகிறோம். கரி என்று பார்த்ததும், நமக்கு இல்லை என்று கண் தாண்டிப் போய்விட்டது. ‘இறுக்கி’ என்ற சொல் அறிக்கையில் எங்குமே கிடையாது. அது என் சொந்தச் சரக்கு.

எங்கள் தோட்டத்துக்கு இரண்டு தோட்டம் தள்ளி ஒரு பெண் இருந்தாள். கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம். அவள் வந்த பிறகு ஒரு ஆடு செத்தது, போர்வெல்லில் தண்ணீர் இறங்கியது. எல்லாம் அவள் ராசி என்று அந்த வீட்டில் பேச்சு. அதையும் மீறி, வீட்டுக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, முந்நூறு நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கி விட்டிருந்தாள். கொட்டகைக்குக் கரண்ட் இழுக்கவில்லை. கரிச்சட்டி வைத்துத்தான் சூடு காட்டினாள்.

வாடை அடித்த மறுநாள் விடிந்ததும் குழுவில் அவள் ஒரு படம் போட்டாள். கொட்டகை மூலையில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செத்துக் கிடந்தன. முக்கால்வாசி போய்விட்டதாக எழுதியிருந்தாள். சீக்காக இருக்கும் என்றாள் ஒருத்தி, தண்ணீர் சேரவில்லை என்றாள் இன்னொருத்தி. நானும் “ஐயோ பாவம் கண்ணு” என்று எழுதினேன்.

என் வீட்டுக்காரர் போனை வாங்கிப் படத்தைப் பார்த்தார். மேலே தள்ளி நான் போட்டதைப் படித்தார். பிறகு அறிக்கையைத் திறந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரைக்கும் படித்தார்.

“கரி போடறவங்களுக்குன்னு ஒரு வரி இருக்குதே. அதை ஏன் உட்டுப்போட்டே?”

“நீங்க எப்பத்துல இருந்துங்க அறிக்கையெல்லாம் படிக்கறீங்க?” என்று பாய்ந்தேன். அவர் போனை என் கையில் கொடுத்துவிட்டுத் தீனி வைக்கப் போய்விட்டார். அந்தக் கடைசி வரியை அப்போதுதான் நான் படித்தேன்.

இரண்டு நாள் அவள் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. ஒரு நாள் தலைவலி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மறுநாள் நோம்பிச் சாமான் வாங்க வேண்டும் என்று திருச்செங்கோட்டுக்குப் போய் வந்தேன். அப்படி ஒன்றும் அவசரமான பண்டிகை வரவில்லை. பால் ஊற்றும் இடத்தில் ஒரு அம்மா சொன்னதைக் கேட்ட பிறகுதான் உறைத்தது.

“மிச்சக் குஞ்சையும் சந்தைக்கு ஓட்டறாங்களாமா. இனி அந்தப் புள்ள கையால ஒண்ணும் வெக்க வேண்டாம்னு மாமியாக்காரி சொல்லிப்போட்டாளாம்.”

அன்று பொழுதோடு கிளம்பிப் போனேன். அவள் கொட்டகையில் படுதாவை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும், “வாங்கக்கா” என்று சாக்கை விரித்துப் போட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

“நீங்க சொன்னாப்புடியேதானுங்க்கா கட்டுனேன். ஒரு ஓட்டை உடலீங்க. சந்துலகூடத் துணி வெச்சு அடைச்சேன். எங்க தப்பு பண்ணுனேன்னுதான் தெரியலீங்க.”

போனை எடுத்து அறிக்கையை முதலிலிருந்து படித்தேன். கடைசி வரியையும் படித்துவிட்டு, “இதை நான் உட்டுட்டேன் சாமி. இறுக்கிக் கட்டச் சொன்னதும் நாந்தான். கரிப்புகை வெளிய போக வழியில்லாமத்தான் குஞ்சு செத்திருக்குது” என்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டட்டும் என்றுதான் இருந்தது.

அவள் கையிலிருந்த படுதாவைக் கீழே வைத்தாள்.

“இன்னொருக்கா படிங்க்கா.”

படித்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்துச் சத்தம் போட்டாள். “ஏனுங்க, கொஞ்சம் இங்க வாங்க. அத்தையவும் கூட்டிக்கிட்டு வாங்க.”

இரண்டு பேரும் வந்து நின்றார்கள். அவர்கள் முன்னால் மூன்றாம் தடவையாகப் படித்தேன். நான் விட்ட வரி எது என்று விரலை வைத்துக் காட்டினேன். அவள் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எதுல செத்தா என்ன, போன குஞ்சு போனதுதான?” என்றார்.

“போனதுதானுங்கத்தை” என்றாள் அவள். “ஆனா என் ராசியில போகலீங்க.”