மாதாவை அழிக்கவா என்று கேட்ட கட்டளை

பல டிஸ்குகளைச் சேர்த்து ஒரே சேமிப்பிடமாக்கும் கட்டளைகளை எழுதுவது என் தொழில். பொத்தானோ படமோ இல்லாத கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் காரியம் முடியும், சிலவேளை ஆளும் முடிந்துவிடுவார். 'நிச்சயமா?' என்று கேட்டதை வாசிக்காமலே அமத்திவிட்டு, பிறகு தலையில் கைவைத்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்தக் கேள்வியை எழுதியவன் உங்களைவிடப் பயந்துபோய் இருக்கிறான்.

எதற்கும் யெஸ்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் கலியாண வீடியோ எடுக்கும் ஸ்டான்லி அண்ணன்தான் எங்கள் முதல் வாடிக்கையாளர். அந்தப் பக்கத்துக் கலியாணங்களும் தேவாலயத்தில் பிள்ளைகளின் முதல் நன்மை விழாக்களும் அவருடைய நாலு டிஸ்கில் இருந்தன. ஒரு டிஸ்க் பழுதானால் மற்ற மூன்றையும் வைத்து மீட்கலாம். இன்னொன்றும் போனால் எல்லாமே போச்சு. அந்த 'இன்னொன்று' நடக்காமல் பார்ப்பதுதான் என் வேலை.

டிஸ்கை அழிக்கமுன் 'யெஸ்' அல்லது 'நோ' கேட்கும்படி வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்து பார்த்தால், கேள்வி திரைக்கு வரமுன்னமே மனிசன் யெஸ் தட்டிவிட்டார். ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டேன்.

"தம்பி, யெஸ் போடாட்டி இந்தக் கொம்பியூட்டர் ஒரு வேலையும் செய்யாது."

ஸ்டிக்கர்கள்

கணினி டிஸ்குகளுக்கு ஏ, பி, சி என்று தானே பெயர் வைக்கும். கரண்ட் போய் வந்தால் வரிசை மாறிவிடலாம். நேற்றைய பி இன்றைக்கு சி ஆகிவிடும். இதை ஸ்டான்லி அண்ணனுக்கு விளங்கப்படுத்தியதும் அவருக்கு முகம் கறுத்துவிட்டது. அடுத்த முறை போனபோது ஒவ்வொரு டிஸ்கிலும் ஒரு புனிதரின் ஸ்டிக்கர்: மாதா, சூசையப்பர், அந்தோனியார், செபஸ்தியார்.

வெள்ளவத்தை அலுவலகத்தில் என்னோடு வேலைசெய்யும் தர்ஷினி, அந்தப் பெயர்களையே கட்டளையிலும் பாவிக்க விடுவோம் என்றாள். விட்டோம்; வரிசை மாறினாலும் பெயர் அந்தந்த டிஸ்கோடேயே இருக்கும். அழிப்பதானால் யெஸ் போதாது, டிஸ்கின் பெயரை முழுதாகத் தட்டவேண்டும் என்றும் வைத்தேன். ஏ, பி, சி என்ற பழைய எழுத்துகளாலும் டிஸ்கைக் குறிப்பிடலாம் என்பதை மட்டும் நிறுத்தத் துணியவில்லை. எனக்கு அப்போதும் பயம் தீரவில்லை. தர்ஷினி சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அண்ணா, இது டிஸ்க் அழிக்கிற மாதிரி இல்ல, கோர்ட்டில சத்தியம் வாங்கிற மாதிரி இருக்கு."

பம்பலப்பிட்டியில் வந்த அழைப்பு

நான் பஸ்ஸில் பம்பலப்பிட்டி தாண்டும்போது ஸ்டான்லி அண்ணன் அழைத்தார். சூசையப்பர் பழுதாகிவிட்டாராம். அவரைக் கழற்றிவிட்டுப் புது டிஸ்க் போட்டிருக்கிறாராம். கட்டளை ஏதோ கேட்கிறதாம், தன்னால் முடியாதாம், உடனே வரட்டாம். அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கனடாவிலிருந்து ஒரு பிள்ளை அடுத்த நாள் தன் கலியாண வீடியோவை வாங்க வருகிறாள். கலியாணம் முடிந்த கையோடு அவளுடைய தகப்பன் இறந்துவிட்டார். அவர் நடந்து கதைத்துச் சிரிக்கிற படம் வேறெங்கும் இல்லை.

ஒன்றும் தட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டு, இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஸ்டான்லி அண்ணன் கீபோர்ட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கைகட்டி உட்கார்ந்திருந்தார். மற்றவற்றோடு சேர்க்கமுன் புது டிஸ்கைத் துடைக்கத்தான் நினைத்திருக்கிறார். பழைய பழக்கத்தில், சூசையப்பரின் எழுத்தான பி என்று கொடுத்துவிட்டார். வரிசை மாறி, பி இப்போது மாதா. 'மாதா முழுவதும் அழிக்கப்படும். தொடர, பெயரைத் தட்டவும்' என்று திரை காத்துக்கொண்டிருந்தது. தட்டியிருந்தால் அந்தத் தகப்பன் இரண்டாம் முறையும் போயிருப்பார்.

முதலில் அந்தக் கட்டளையை நிறுத்தினேன். பிழையான டிஸ்க் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். அவர் விளங்காமல் பார்த்தார்.

"பிழையான டிஸ்க்கா? அது எனக்குத் தெரியாது தம்பி. மாதாவை அழி எண்டு நான் என்ர கையால எப்பிடித் தட்டுறது? அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டனான்."

எங்கள் கட்டளையில் இருக்கும் ஒரே நம்பகமான பாதுகாப்பு ஸ்டான்லி அண்ணனின் பக்திதான், அதை மற்ற வாடிக்கையாளர்களுக்கு எப்படிப் பொருத்திக் கொடுப்பது என்றுதான் தர்ஷினியும் நானும் இன்னும் முழிக்கிறோம்.